செழியன் குடித்த பீர்

முந்தின நாள் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்றுதான் மங்கையர்க்கரசிக்கு முதலில் தோன்றியது. பிறகு, இல்லை, அது வெளுப்பு, இது மஞ்சள், மாம்பழத்தைப் பிசைந்து கரைக்கும்போது கை தவறித் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டால் வருமே, அந்த மஞ்சள் என்று தனக்குள் திருத்திக்கொண்டாள். குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து விரல்கள் தெரியவில்லை, அவ்வளவு கலங்கல். மேலே வெள்ளையாக நுரை, கறந்த பாலில் நிற்பது போல. பீர் என்றால் தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும், அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி ஏறும், சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள், இது என்னவோ அரிசி களைந்த தண்ணீரில் மஞ்சள் தூளைத் தட்டின மாதிரி, இதைக் குடிக்கவா அந்தப் பிள்ளை சனிக்கிழமை தவறாமல் இவ்வளவு தூரம் வந்தான். எதிரே உட்கார்ந்திருந்த மருமகள் வினோதினி அவள் முகத்தைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. "கெட்டுப்போனது இல்ல அத்தை. இத வடிகட்ட மாட்டாங்க, அதான் கலங்கலா இருக்கு. கோதுமை, ஓட்ஸ் எல்லாம் போடுறாங்க" என்றாள். "பழம் போட்டிருக்காங்களா? பழ வாசனை வருதே." "பழமே கெடையாது. ஹாப்ஸ்னு ஒரு கொடி இருக்கு, அதோட பூ. எல்லாம் அந்தப் பூவோட வாசனைதான். அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தார்." அவர் என்று சொல்லும்போது வினோதினியின் குரல் ஒரு படி இறங்கும். பிள்ளை செழியன் தவறிப்போனதிலிருந்து அப்படித்தான், இருட்டில் மாடிப்படி இறங்குகிறவள் இன்னும் ஒரு படி இருக்கிறதா, தரை வந்துவிட்டதா என்று காலால் துழாவுகிற மாதிரி. மங்கையர்க்கரசி குவளையை மேஜைமேல் வைத்தாள். குடிக்கலாம், என்ன அவசரம். நுரை அடங்கட்டும். நுரை அடங்கினால் ருசி போய்விடுமோ என்னவோ, யாரைக் கேட்பது, கேட்டால் இந்த வயசில் இது என்ன கேள்வி என்று இருக்கும். காலையில் தேங்காய் துருவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், நானும் வரேன் என்று சொன்னவள் அவள்தான். செழியன் பிறந்தநாளுக்கு வினோதினி இந்த இடத்துக்கு வந்து அவன் வழக்கமாகக் குடிக்கிறதில் ஒரே ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு வருவாள், போன வருஷமும் வந்தாள், மறைக்கவில்லை, அவர் போற எடத்துக்குப் போயிட்டு வரேன் அத்தை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். இன்றைக்கு இவள் நானும் வரேன் என்றதும் வினோதினி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அங்க பீர் மட்டும்தான் அத்தை இருக்கும்." "தெரியும்." "குடிப்பீங்களா?" "அவன் குடிச்சான்ல?" மிக்ஸி ஓடியது, சட்னி அரைபட்டது, அவ்வளவுதான்.

எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆட்டோவில் வரும்போது பயந்துகொண்டே வந்தாள். தலை நரைத்த பொம்பளை, சுங்குடிப் புடவை, கையில் மஞ்சப்பை இல்லாத குறைதான். உள்ளே வந்தால் ஒருத்தரும் பார்க்கவில்லை. மர டிப்போவாக இருந்த கொட்டகையாம், உயரத்தில் தகரக் கூரை, அதற்குக் கீழே நீளமான மேஜைகள், ஒரு மூலையில் ஒரு பையன் கம்ப்யூட்டரை விரித்துவைத்துத் தட்டிக்கொண்டிருந்தான், இன்னொரு பக்கம் இரண்டு பெண்கள் ஒருத்தி சொன்னதற்கு ஒருத்தி மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அது முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம் லேசாக ஏமாற்றமாகவும் இருந்தது, ஒருத்தராவது பார்த்திருக்கலாம், இத்தனை துணிச்சலைத் திரட்டிக்கொண்டு வந்ததற்கு. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே எவர்சில்வர் கொப்பரைகள் வரிசையாக நின்றன. ஒன்றிலிருந்து ஆவி போனது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சத்துணவுக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த அண்டாக்கள், புகை அப்பிய சுவர், பருப்பு வேகும்போது வரும் பச்சை வாசனை. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள், ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கேதான். பிள்ளைகள் தட்டைத் தூக்குவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம், அவள்தான் பார்ப்பாள், உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார், நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவாள். மற்றவர்களுக்கு அது ருசி பார்ப்பது. அவளுக்கு அது ருசி இல்லை, பயம். பல்லி விழுந்திருக்குமோ, எண்ணெய் சிக்குவாடை அடித்திருக்குமோ, ஏதாவது இருந்தால் அது முதலில் எனக்கு ஆகட்டும், இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அப்படிக் கண்ணை மூடி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே வரிசையில் தட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்கும். ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. யார் யார் பிள்ளைகளோ, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குவளையைத் தூக்கினாள். பழக்க தோஷம், கண் தானாக மூடிக்கொண்டது.

நுரை மேலுதட்டில் ஒட்டியது, அப்புறம் சில்லென்று பல்லில் இறங்கியது, கட்டின பல் ஒன்று சுருக்கென்றது. கசக்கும் என்று நாக்கை இழுத்து வைத்திருந்தவளுக்குக் கசக்கவில்லை. இனிப்பு கூட இல்லை, இனிப்பின் நிழல். கமலாப்பழத் தோலைக் கிள்ளினால் கண்ணில் பீய்ச்சி அடிக்குமே, அந்த வாசனை மூக்குக்குள்ளிருந்து வந்தது, வெளியேயிருந்து வரவில்லை, அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது; பின்னால் பழுத்த கொய்யா, அதற்கும் பின்னால் புல் அறுத்த வாசனை. வழுவழுவென்று கஞ்சி போல இறங்கியது. இறங்கின பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் கண்ணைத் திறந்த பிறகு, மெல்ல, நாக்கின் அடியில், நார்த்தங்காய் ஊறுகாய் தின்றுவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கசப்பு நிற்குமே, அது வந்து நின்றது. போகவில்லை. "எப்படி இருக்கு அத்தை?" என்றாள் வினோதினி. பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் மாதிரி கேட்டாள், தானே காய்ச்சின மாதிரி. "கடைசியில கசக்குது." "அதுதான் அவருக்குப் பிடிக்கும்." ஓ. மங்கையர்க்கரசி இன்னொரு வாய் குடித்தாள், இந்தத் தடவை அந்தக் கசப்புக்காகக் காத்திருந்து குடித்தாள். அவன் பாகற்காய் தொட மாட்டான். வெந்தயம் தாளித்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டி வைப்பான், கல்யாணம் ஆனபிறகும்கூட. கசப்பைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற பிள்ளை எப்போது இது பிடித்துப்போகிற ஆளாக ஆனான், எந்த வருஷம், அன்றைக்கு நான் எங்கே இருந்தேன், ஜோலார்பேட்டையில் அரிசி மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேனா. பெற்ற பிள்ளையின் நாக்கு மாறினது தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். அவள் பெங்களூருக்கு வந்து தங்கியிருக்கிற சனிக்கிழமைகளில் அவன் வீட்டுக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் பேசுவான். தலவலிம்மா, படுக்கறேன். அவளுக்குத் தெரியும். ஒரு டம்ளர் மோரைக் கரைத்து உப்புப் போட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாள், காலையில் டம்ளர் காலியாக இருக்கும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கோபமெல்லாம் இல்லை. வாட்டசாட்டமான ஆள், முப்பத்தைந்தைத் தாண்டினவன், அம்மாவுக்குப் பயந்து சுவரைப் பார்த்துப் பேசுகிறானே என்று இருட்டில் படுத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். அதைக் கேட்டிருக்கலாம். என்னடா அது, எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அவன் எழுந்து உட்கார்ந்து அந்தப் பூவைப் பற்றிச் சொல்லியிருப்பான், கொடி எப்படிப் படரும், எந்த தேசத்தில் விளையும் என்று கையை ஆட்டி ஆட்டி, அவனுக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது.

கசப்பு இன்னும் நின்றுகொண்டிருந்தது. கருமாதி அன்றைக்கு நாத்தனார், செத்துப்போன தன் வீட்டுக்காரரின் தங்கை, பந்தலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, குடிச்சுக் குடிச்சே போயிட்டானாமே என்றாள். அதோடு விடாமல், பொண்டாட்டியும் கூடப் போவாளாம், அவளும் குடிப்பாளாம் என்றாள். வினோதினி அப்போது பாயில் சுருண்டு படுத்திருந்தாள், கேட்டதா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் காட்டி, மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது, அதுதான் வெடித்தது, குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பிறவியிலேயே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கும் என்றார். எல்லாரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். பிறவியிலேயே. மற்றவர்களுக்கு அது ஒரு வார்த்தை. அவள் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரியெல்லாம் புரட்டிப் பார்த்தாள். பிறவி என்றால் யார், நான்தானே, என் வயிற்றுக்குள்தானே அந்தக் குழாய் பின்னப்பட்டது, எந்த மாசத்தில் நான் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன், எந்த மாசத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். குடித்துத்தான் செத்தான் என்று நாத்தனார் சொன்னது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டாள். பழி போட ஒரு பாட்டில் கிடைத்தால் போதும், கடை கடையாகப் போய் உடைத்துவிட்டு வரலாம். இப்போது அந்தப் பழிக்கு உரிய பொருள் முன்னால் இருக்கிறது, மஞ்சளாக, கலங்கலாக, ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரி. இதன்மேல் கோபம் வருமென்று நினைத்துத்தான் வந்தாளோ? வரவில்லை. நல்ல வாசனையாக இருக்கிறது. அவன் ஒரு நல்ல வாசனையைக் குடித்திருக்கிறான், சனிக்கிழமைதோறும், பிடித்த பெண்டாட்டியோடு உட்கார்ந்து. அது அவளுக்குத் திடீரென்று ஆறுதலாக இருந்தது, வயிற்றிலிருந்து காது மடல் வரைக்கும் சூடாக ஏறியது, அது ஆறுதலா, பீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேஜைமேல் வினோதினியின் போன் குப்புறக் கிடந்தது. முன்னெல்லாம் அது மல்லாக்கத்தான் கிடக்கும். மல்லாக்கக் கிடந்த போன் எந்த நாளில் குப்புற விழுந்தது என்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும், மழைக்காலம் முடிகிற சமயம். அப்போதிருந்து சாயங்காலங்களில் அது லேசாக அதிரும், வினோதினி எடுத்துப் பார்ப்பாள், வாய் சிரிக்காது, ஆனால் கன்னம் ஒரு பக்கம் அசையும். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற நேரம் அது, வினோதினி காலைத் தூக்கி இவள் மடியில் போட்டிருப்பாள், ஆபீஸ் செருப்பு கடித்த இடத்தில் இவள் தேங்காயெண்ணெய் தடவுவாள். மாமியார் மடியில் காலைப் போடுகிற மருமகள் உலகத்தில் எங்கே இருப்பாள் என்று ஜோலார்பேட்டையில் கேட்பார்கள். அது எப்படி ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. செழியனின் காரியத்துக்காக ஊரிலிருந்து வந்த இவள், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று இருந்துவிட்டாள், யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இருக்கச் சொல்லவுமில்லை. அந்தப் போனுக்குள் இருக்கிற ஆளை அவள் ஒரு தரம் பார்த்திருக்கிறாள். கிரீஷ். வினோதினி ஆபீசில் வேலை செய்கிறவன், கன்னடக்காரன், மனைவியைப் பிரிந்தவன். அவள் ஆபீசில் மறந்துவிட்டு வந்த ஏதோ ஒயரைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கழற்றின ஷூவை ஜோடி சேர்த்துச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான், செழியன் உதறுகிற உதறலில் ஒன்று வாசலிலும் ஒன்று லிப்ட்டுக்குப் பக்கத்திலும் கிடக்கும். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று உடைந்த தமிழில் கேட்டான். சுவரில் மாலை போட்டிருந்த செழியன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான், கும்பிடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவர் பேசுவதைக் கேட்கிற மாதிரி நின்றான். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று அன்றைக்கு முழுக்கக் கோபம், பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினாள்.

இன்றைக்குச் சொல்வாள். காலையிலிருந்தே தெரியும். இரண்டு நாளாக வினோதினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி அவள் அறையில் விளக்கு எரிகிறது. வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது, அங்கே படம் இருக்கிறது, அதனால்தானே நானும் வரேன் என்றது, நான் வந்து உட்கார்ந்துகொண்டால் அவளுக்குச் சொல்ல ஓர் இடம் கிடைக்கும். அப்படி நினைத்துத்தான் வந்தது. வந்து உட்கார்ந்த பிறகு, சொல்லிவிடக் கூடாதே என்று இருக்கிறது. ஆட்டோவில் வரும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் கோத்து வைத்திருந்தாள், ரொம்ப சந்தோஷம்மா, நீ சின்னப் பொண்ணு, உன் வாழ்க்கை இருக்கு, நான் ஊருக்குப் போயிடறேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஊருக்குப் போயிடறேன் என்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் நூல் அறுந்தது. ஊர் என்றால் என்ன. ரயில்வே லைனை ஒட்டின இரண்டு அறை வீடு, கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், ரயிலில் கார்டு வேலையில் இருந்த வீட்டுக்காரர் செத்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, அக்கம்பக்கத்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. கதவைத் திறந்தால் பூட்டி வைத்த வீட்டு வாசனை. சாயங்காலம் வரும். சாயங்காலம் எல்லா ஊருக்கும்தான் வருகிறது, ஆனால் யாருக்காகவும் டீக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டாத சாயங்காலம் எப்படி இருக்கும். டீவியைப் போட்டுக்கொண்டு மடியை வெறுமனே வைத்துக்கொண்டு. அங்கேயே ஒரு நாள் கீழே விழுந்து கிடந்தால் பால்காரனுக்குத்தான் தெரியும், பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால். அதற்காகவாவது பால் வாங்க வேண்டும். சீ, என்ன யோசனை இது. குவளையில் பாதி குறைந்திருந்தது. நானா குடித்தேன்?

"அத்தை, ஒண்ணு சொல்லணும்" என்றாள் வினோதினி. "சொல்லு." "கிரீஷ், அன்னிக்கு வீட்டுக்கு வந்தாரே." "ம்." "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார்." அந்தப் பக்கத்துப் பெண்கள் மறுபடி மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டாள், ரொம்ப சந்தோஷம்மா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் வினோதினி, "வேணாம்னு சொல்லிட்டேன். நேத்து" என்றாள். சொல்லிவிட்டுக் குவளைக்கு அடியில் வைத்திருந்த ஈர அட்டையை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள். வேணாம்னு சொல்லிட்டேன். மங்கையர்க்கரசிக்கு முதுகிலிருந்து ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்தது, கல்யாண வீட்டிலிருந்து வந்து பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்காருகிற மாதிரி, அப்பாடா, ராத்திரிக்கு மிளகு ரசம் வைக்கலாம், நாளைக்கும் சாயங்காலம் வரும், வரட்டும், போகிறவர்கள் யாருமில்லை. அந்தச் சுகத்தில் ஒரு வாய் குடித்தாள். குவளையை இறக்கினாள். எதிரே பார்த்தாள். அட்டையின் மேல்தாள் முழுசாக உரிந்து வந்துவிட்டது, வினோதினி அதை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "புடிக்கலையா?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள். வினோதினி மடித்ததைப் பிரித்தாள். "அவனப் புடிக்கலையான்னு கேட்டேன்." "புடிக்கலன்னு சொன்னா நம்புவீங்களா?" "மாட்டேன்." வினோதினி சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது. "நீங்க எங்க அத்தை போவீங்க?" என்றாள்.

நீங்க எங்க அத்தை போவீங்க. இந்தக் கேள்வியைத்தானே இவ்வளவு நேரம் இவள் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், அதே கேள்வி, அதே வார்த்தை, அடுத்தவள் வாயிலிருந்து வரும்போது கேட்க எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது, ஓர் ஆளை வழியில் மறித்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. செழியன் போன புதிதில் நடந்தது ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள்தான் சமைத்துக்கொண்டிருந்தாள், கை பாட்டுக்குச் சமைத்தது, வாய் எதையும் உணரவில்லை. வினோதினி தினமும் தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், போதும் அத்தை, நல்லாருக்கு அத்தை. ஒரு நாள் பக்கத்து பிளாட் அம்மா வந்து உட்கார்ந்தவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, என்னங்க, உப்பே போடலையா என்றாள். அப்போதுதான் உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள், மேலே சமமாக, கரண்டி பட்ட தடமே இல்லாமல் இருந்தது. வாரக்கணக்கில். ஊருக்கெல்லாம் சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்தவள் வாரக்கணக்கில் உப்பில்லாமல் போட்டிருக்கிறாள், அதை இந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, உங்களுக்கு அதுவும் ஒரு கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன் அத்தை என்றாள். இவள் அப்படித்தான். சொல்ல மாட்டாள். இன்னும் முப்பது வருஷத்துக்குப் போட்டாலும் உப்பில்லாமலே தின்று தீர்த்துவிடுவாள், நல்லாருக்கு அத்தை என்று சொல்லிக்கொண்டே. நான் மடியில் அவள் காலை வைத்து எண்ணெய் தடவிக்கொண்டே கிழவியாகி, அவளும் கிழவியாகி, ஒருநாள் நான் போய்ச் சேர்ந்ததும் அந்த சோபாவில் யார் மடி இருக்கும் அவளுக்கு.

"வினோ, உப்பில்லாம தின்னது போதும்" என்றாள். வினோதினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். "போன் போடு கிரீஷுக்கு. நேத்து சொன்னது தப்பு, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு. இல்ல, யோசிச்சுட்டேன்னே சொல்லு." "இன்னிக்கா? அத்தை, இன்னிக்கு அவர் பொறந்தநாள்." "எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்." சொன்ன பிறகுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது, ரயில்வே ஆஸ்பத்திரி, மின்விசிறி கறக் கறக் என்று ஓடியது, நர்ஸ் ஒரு துணியில் சுற்றி நீட்டினாள், தலை பெரிசு, உச்சியில் இன்னும் மூடாத அந்த மெத்தென்ற இடம் மூச்சு மாதிரி ஏறி இறங்கியது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் பயப்படவில்லை, துடிக்கிறதே என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பலவீனமும் அதற்குள்ளேதான் இருந்திருக்கும், இவள் கைக்குக் கீழேயே, இருக்கட்டும். அதோடுதான் அவன் அத்தனை வருஷம் ஓடினான், சிரித்தான், ஷூவை உதறினான், இந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தான். "நல்ல நாள்தான். அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்றாள். "நீங்க?" "நான் என்ன?" "பொய் சொல்லாதீங்க அத்தை. பயமா இல்லையா உங்களுக்கு?" மங்கையர்க்கரசி யோசித்தாள். கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் கைக்கு வரவில்லை. "பயமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. வீடு பூட்டிக் கெடக்கு, போய்த் தொறக்கணும், சுண்ணாம்பு அடிக்கணும். ரயில் ஏறினா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம், நீயும் வரலாம், நானும் வரலாம். ராத்திரில பயமா இருந்தா போன் பண்ணுவேன், எடுக்கணும்." "என்கூடவே இருங்களேன். எங்ககூட." எங்ககூட. அந்த வார்த்தையில் ஏற்கெனவே இன்னொரு ஆள் இருந்தான், வினோதினிக்கே தெரியாமல் வந்து உட்கார்ந்துவிட்டான். மங்கையர்க்கரசிக்கு நெஞ்சு ஒரு தரம் வலித்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். நீங்க ரெண்டு பேரும் சண்ட போட எடம் வேணாமா?" "நான் உங்கள என்னன்னு கூப்புடுவேன்?" சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள், மூக்கு சிவந்து போயிருந்தது. "இப்ப என்னன்னு கூப்புடுற?" "அத்தைன்னு." "அப்பாவோட தங்கச்சியும் அத்தைதான். தெருவுல போற வயசான பொம்பளையும் அத்தைதான். மாமியாரா இருந்தாத்தான் கூப்புடணும்னு யார் சொன்னா. எழுந்துரு, போ, வெளிய போய்ப் பேசு. இங்க இந்தப் பொண்ணுங்க கத்துறதுல ஒண்ணும் கேக்காது."

வினோதினி போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் அவள் முதுகில் விழுந்து அசைந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு முதலில் அசையாமல் நின்றாள். என்ன சொல்கிறாளோ. அந்தப் பக்கம் எடுக்கவில்லையோ. எடுக்காமல் போனால், வேண்டாம் என்று சொன்னதில் அவனுக்குக் கோபம் வந்திருந்தால், கன்னடக்காரன் கோபம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும், ஐயோ, எடுத்துவிட வேண்டும், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எடுக்கவே கூடாது என்று இருந்தவள் இப்போது எடுக்க வேண்டுமே என்று தவித்தாள். வினோதினி ஒரு காலால் தரையைத் தேய்த்தாள். தலையை ஆட்டினாள். இன்னொரு தரம் ஆட்டினாள், இது வேறு ஆட்டல். அப்புறம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழட்டும். குவளையில் இன்னும் இரண்டு வாய் மிச்சமிருந்தது. அடியில் கலங்கல் இன்னும் கெட்டியாக இருந்தது, சில்லிப்பு போய்விட்டிருந்தது. சில்லிப்பு போனதும் இதன் ருசியே வேறு, பழமெல்லாம் அடங்கி, வெந்த கோதுமை வாசனை மட்டும் தெரிந்தது, ரவையை நெய்யில் வறுக்கும்போது வருகிற வாசனைக்குப் பக்கத்து வீடு. இதைக்கூட அவன் குடித்திருப்பான், பேசிக்கொண்டே மறந்துபோய், இப்படி ஆறிப்போன கடைசி வாயை. நல்லா இருக்குடா என்று சொன்னாள். உதடு அசைந்ததா, இல்லையா, சொன்னாள். முழுக்கக் குடித்துவிட்டுக் குவளையை வைத்தாள்.

வினோதினி திரும்பி வந்து நின்றாள், உட்காரவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு வந்திருந்தாள், ஆனாலும் ஈரம் தெரிந்தது. "பக்கத்துல எங்கயோதான் இருக்காராம் அத்தை. இப்பவே வரேங்கறார். நான் இங்க வேணாம், நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னேன். வரட்டுமா, வேணாமான்னு உங்ககிட்ட கேட்டுச் சொல்லுன்னு லைன்லயே நிக்கறார்." மங்கையர்க்கரசி போனைப் பார்த்தாள். அதற்குள் ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான அந்த நாற்காலியை, ஆள் உட்காருகிற மாதிரி, லேசாக இழுத்துப் போட்டாள்.